மாணவருக்கு நடித்துக் காட்டாதீர்கள்

பள்ளி ஆண்டு விழாக்களில் வீரபாண்டிய கட்டபொம்மன் இன்னும் ஓய்வு பெறவில்லை. அட்டைக் கிரீடம், மையால் வரைந்த மீசை, இடுப்பில் தகரக் கத்தி. ஜாக்சன் துரை முன்னால் நின்று பையன் கர்ஜிக்கிறான், பெற்றோர் கைதட்டுகிறார்கள். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், பையன் நடிப்பது சிவாஜி கணேசனாக என்பது தெரியும். 1959இல் வந்த படத்தில் அவர் மூச்சு வாங்கிய இடத்தில் இவனும் வாங்குகிறான். அவர் புருவத்தைத் தூக்கிய இடத்தில் இவன் புருவமும் ஏறுகிறது. சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அதே சிவாஜியைத்தான் நடித்துக் காட்டியிருப்பார்.

சிவாஜி அந்த வேடத்தைப் படத்துக்கு முன்பே, சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தில், 1957 முதல் மேடையில் ஆடிப் பழகியவர். ஒவ்வொரு சொல்லையும் தன் உடம்புக்கும் மூச்சுக்கும் பொருத்திக்கொண்டவர். பையனுக்குக் கிடைத்திருப்பது அந்த உழைப்பின் முடிவு மட்டும். அங்கே போய்ச் சேர்ந்த வழி அவனுக்குத் தெரியாது. அதனால்தான் நடுவில் ஒரு வரி மறந்தால் அப்படியே நின்றுவிடுகிறான்.

பள்ளியிலும் கல்லூரியிலும் நாடகம் போடும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாணவருக்கு நடித்துக் காட்டாதீர்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், வேடம் கொடுப்பது முதல் ஒத்திகை நடத்துவது வரை எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்ய வேண்டியிருக்கும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செய்துகாட்டினால் என்ன ஆகிறது?

செய்துகாட்டுவதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கும். "இப்படிச் சொல்லு, இந்த இடத்துல கையை நீட்டு" என்று ஒரு முறை காட்டிவிட்டால் காட்சி நின்றுவிடும். ஆனால் அதன்பிறகு மாணவரின் கவனம் எதிரே நிற்கும் சக நடிகரிடம் இருக்காது. நீங்கள் காட்டியதை நினைவில் துழாவுவதிலேயே போய்விடும். எதிராளி வேறு மாதிரி சொன்னாலும், கிரீடம் சரிந்தாலும் அவருக்கு உறைக்காது. இன்னொரு கேடும் உண்டு. பதினைந்து பிள்ளைகள் நடித்தால் பதினைந்து பேரும் உங்கள் குரலில், உங்கள் இழுவையில் பேசுவார்கள்.

"அந்தக் காலத்தில் அப்படித்தானே கற்றார்கள்?" என்று கேட்கலாம். 1918இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்த, சங்கரதாஸ் சுவாமிகள் வாத்தியாராக இருந்த நாடக சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், வாத்தியார் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்தது உண்மைதான். ஆனால் அவர்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கி, பாட்டும் வசனமும் அன்றாட வேலையாக வாழ்ந்தவர்கள். ஒரே நாடகத்தை எத்தனையோ இரவுகள் ஆடியவர்கள். பார்த்துச் செய்தது நாளடைவில் அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. நம் மாணவருக்குக் கிடைப்பது ஒரே இரவு, அதிலும் இருபது நிமிடம். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒப்பித்தல்.

சுவாமிகளிடம் கற்க வேண்டியது வேறு. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்துக்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதினார் என்பது நாடகக்காரர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பாத்திரத்தை வார்த்த அந்தக் கண்ணைத்தான் நாம் பெற வேண்டும்.

உணர்ச்சியை விடுங்கள், காரணத்தைப் பிடியுங்கள்

ஒத்திகைகளில் அதிகம் காதில் விழும் சொற்கள்: "இன்னும் கோபமா சொல்லுடா", "ஃபீலிங்கே வரலையே", "இந்த இடத்துல நீ அழணும்மா". கோபப்படு என்று ஆணையிட்டால் மாணவரால் செய்யக்கூடியது கத்துவது மட்டுமே. அழு என்றால் கையால் முகத்தை மூடிக்கொள்வார். உணர்ச்சி கூப்பிட்டால் வராது. மாஸ்கோவில் நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்தச் சிக்கலோடுதான். பாத்திரம் எந்தச் சூழலில் நிற்கிறது, அந்தச் சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன், இந்த நொடியில் எனக்கு என்ன வேண்டும் என்ற கேள்விகளை அவர் நடிகரின் கையில் கொடுத்தார். கேள்விகளுக்கு விடை தேடிப் போனால் உணர்ச்சி பின்னாலேயே வரும் என்பது அவர் நம்பிக்கை.

இதைத் தமிழிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைப் பட்டியலிட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது. இழிவுபட்டாலும் அழுகை வரும், இழந்தாலும் வரும், இருந்த நிலை கெட்டாலும் வரும், வறுமையாலும் வரும். நான்கும் ஒரே அழுகை ஆகாது. உறுப்பை வெட்டினாலும், குடிக்குக் கேடு செய்தாலும், வைது அடித்தாலும், கொலை செய்தாலும் வெகுளி வரும். நான்கும் ஒரே கோபம் ஆகாது. இந்த முப்பத்திரண்டையும் இன்றைய தமிழில் ஒரு சார்ட்டில் எழுதி ஒத்திகை அறையில் ஒட்டுங்கள். "நீ கோபமா இருக்கே" என்பதை விட்டுவிட்டு, "இதுல எந்தக் காரணம்?" என்று கேட்கப் பழகுங்கள்.

கட்டபொம்மன் காட்சியையே எடுத்துக்கொள்வோம். 1798இல் கலெக்டர் ஜாக்சன் தன்னை வந்து பார்க்கும்படி அவருக்கு ஆணை அனுப்பினார். குற்றாலம் போனால் அங்கே பார்க்கவில்லை. ஊர் ஊராகப் பின்தொடரவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி. அங்கும் உட்காரச் சொல்லவில்லை. கிஸ்தி பாக்கியைப் பற்றிய பேச்சு கைகலப்பில் முடிந்தது. ஜாக்சன் பக்கத்தில் லெப்டினென்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மனோடு வந்த தானாபதிப் பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மாணவரிடம் கேள்வி கேளுங்கள். இத்தனை ஊர் அலைந்தவரின் கால் எப்படி இருக்கும்? கூட வந்த ஆட்கள் வழியில் என்ன பேசியிருப்பார்கள்? உள்ளே நுழையும்போது சண்டை போடும் எண்ணமா, பேசி முடிக்கும் எண்ணமா? நிற்க வைத்துப் பேசும்போது யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? இதையெல்லாம் யோசித்த பையன் முதல் வரியிலேயே கர்ஜிக்க மாட்டான். அடக்கிக்கொண்டுதான் தொடங்குவான். அடக்க முடியாத இடம் ஒன்று வரும். அங்கே பீறிடுவது அவனுடைய சொந்தக் கோபமாக இருக்கும். அதை நீங்கள் சொல்லித்தந்திருக்கவே முடியாது.

வீட்டு வேலையாக ஒன்று கொடுங்கள். தான் வரும் ஒவ்வொரு காட்சியிலும் தன் பாத்திரம் எதிராளியை என்ன செய்யப் பார்க்கிறது என்று ஒரே ஒரு வினைச்சொல்லில் எழுதி வர வேண்டும். கெஞ்சுவது, தள்ளிப்போடுவது, உண்மையைக் கறப்பது, வெளியே அனுப்புவது, இப்படி. 'சோகமாக', 'ஆவேசமாக' என்று எழுதி வந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவற்றைச் செய்ய முடியாது. கெஞ்ச முடியும்.

கேட்கும் நடிகர்

மாணவ நாடகங்களில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு பார்வையாளருக்கு அப்பட்டமாகத் தெரியும். கேட்பதைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். அதற்கு விளையாட்டைவிட நல்ல வழி இல்லை. சிகாகோவில் குழந்தைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின் (1906–1994) இப்படிப்பட்ட விளையாட்டுகளை உருவாக்கி 1963இல் நூலாக்கினார். ஆசிரியர் 'நன்று', 'தப்பு' என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் ஆசிரியருக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர் எச்சரிக்கை. வகுப்பறையில் நன்றாக வேலை செய்யும் நான்கு விளையாட்டுகள் இவை.

கண்ணாடி: இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாக அசைய, மற்றவர் அவருடைய பிம்பமாக அசைய வேண்டும். சற்று நேரம் கழித்து ஆள் மாற்றுங்கள். பிறகு யார் நடத்துகிறார், யார் பின்பற்றுகிறார் என்று வெளியே தெரியாதபடி செய்யச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை: எல்லோரும் வட்டமாகக் கண்ணை மூடி நிற்க, ஒன்று முதல் இருபது வரை எண்ண வேண்டும். அடுத்த எண்ணை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இருவர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. அடங்காத வகுப்பும் இதில் அடங்கிவிடும்.

புரியாத மொழி: காட்சியை அர்த்தமில்லாத ஒலிகளில் நடிக்க வேண்டும். வசனத்தின் துணை போய்விட்டால் எதிராளியின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசிச் சொல்: ஒத்திகையில், எதிராளி சொன்ன வரியின் கடைசிச் சொற்களைக் கேள்வியாகத் திருப்பிச் சொன்ன பிறகே தன் வசனத்தைச் சொல்லலாம். இரண்டு நாள் இப்படிச் செய்துவிட்டு அந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காட்சியின் வேகம் தானாகச் சரியாகிவிடும்.

இதோடு சேர்த்து, எதிர்ப்பாத்திரத்துக்கும் நியாயம் செய்யுங்கள். ஜாக்சனை உடைந்த தமிழ் பேசும் கோமாளியாக்கினால் கட்டபொம்மனுக்கு எதிரே யாருமே இல்லை என்று ஆகிவிடும். பாக்கியை வசூலிக்காவிட்டால் தன் பதவிக்கே ஆபத்து என்ற பதற்றத்தை ஜாக்சனாக நடிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ராமநாதபுரத்துக் கலவரத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஜாக்சனை நீக்கிவிட்டு லஷிங்டனை நியமித்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பயந்த அதிகாரிதான் நிற்க வைத்துப் பேசுவான்.

குரலும் தமிழும்

பள்ளி மேடையில் பெரும்பாலும் இரண்டு ஸ்டாண்டு மைக்தான். மைக்கை நம்பி அமைத்த நாடகம் மைக்கைச் சுற்றியே நிற்கும். முதல் நாளிலிருந்தே மைக் இல்லாமல் பழக்குங்கள்.

மூச்சில் தொடங்க வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டை வைத்துக்கொண்டால், மூச்சு இழுக்கும்போது நோட்டு ஏற வேண்டும். தோள் ஏறினால் மூச்சு மேலேயே நின்றுவிட்டது என்று பொருள். பிறகு வாயை மூடி 'ம்ம்' என்று ஒலித்து உதட்டில் அதிர்வை உணரச் சொல்லுங்கள். அடுத்து, ஒரே வரியைப் பக்கத்தில் இருப்பவரிடமும், வகுப்பின் கடைசி பெஞ்சிலும், மைதானத்தின் அந்தப் பக்கமும் சொல்ல வேண்டும். தூரம் கூடும்போது கத்தக் கூடாது. உயிரொலிகளை நீட்டி, மெய்களை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா இல்லையா, செய்தவர் யார், ஆணா பெண்ணா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான். மூச்சு தீர்ந்து மாணவர் வாக்கியத்தின் வாலை விழுங்கிவிட்டால், "நான் அவரை மன்னிக்க" என்பது வரை எல்லோருக்கும் கேட்கும். மன்னித்தாரா, மாட்டாரா என்பது முன்வரிசைக்கு மட்டும் தெரியும். கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வைப்பது தமிழ் நடிகருக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டிய பாடம். பேச்சில் இறுதி 'ன்', 'ம்' இரண்டும் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுவதையும் கவனியுங்கள். 'வந்தான்', 'வந்தா' இரண்டும் வீட்டுத் திண்ணையில் வேறு வேறாகக் கேட்கும், மேடையில் ஒன்றாகிவிடும்.

வாலை, வாளை, வாழை, மனம், மணம், அரம், அறம் என்று தினமும் ஐந்து நிமிடம் போதும். அதைத் தண்டனையாக்காதீர்கள். வட்டார வழக்கைக் குறையாகச் சொல்லாதீர்கள். திருநெல்வேலிப் பிள்ளையின் பாத்திரம் திருநெல்வேலித் தமிழ் பேசினால் என்ன கெட்டுப்போகும்? சமூக நாடகத்தின் வசனம் புத்தகத் தமிழில் இருந்தால், அதை மாணவர்களையே தங்கள் பேச்சில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். அரசன் பேச வேண்டிய செந்தமிழை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

எட்டாம் வகுப்பை ஒட்டிய வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் மகரக்கட்டு என்றால் பிள்ளைகளுக்கு நடுக்கம். பாட்டுக் குரல் போனால் வேடமும் போய்விடும். நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அந்த வயதுப் பையனை உச்சத்தில் கத்தவிடாதீர்கள். குரல் பிசிறினால் சிரிக்கும் வகுப்பை முதலில் அடக்குங்கள்.

யாருக்கு எந்த வேடம்?

ஒரு பக்க வசனத்தை வாசிக்கச் சொல்லி ஆள் எடுத்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே தேர்வாவார்கள். முதல் இரண்டு வாரம் யாருக்கும் வேடம் சொல்லாமல் விளையாடவிட்டுப் பாருங்கள். யார் மற்றவரைக் கவனிக்கிறார், யார் தோற்றாலும் மறுபடி முயல்கிறார், யாருக்குக் கற்பனை ஓடுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

சிவந்த பிள்ளைக்குப் பாரத மாதா, கறுத்த பிள்ளைக்குக் கொள்ளைக்காரன், குண்டான பையனுக்குக் காமெடி, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேலைக்காரி. இந்தப் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். வெளியே படும் அவமானத்தையே மேடையிலும் அணிந்துகொள்ள வைத்தால் அதற்கு நாடகம் எதற்கு? ஆண், பெண் கணக்கும் வேண்டியதில்லை. டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கட்டைக்கூத்தை, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இருந்த குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்று மேடை ஏறினார்கள். உங்கள் பள்ளியில் ஒரு மாணவி ஏன் கட்டபொம்மனாக நிற்கக் கூடாது?

வேடங்கள் போதவில்லை என்றால் தெருக்கூத்தைப் பாருங்கள். கட்டியங்காரன் கதை சொல்வான், கேலி செய்வான், தேவைப்பட்டால் வேலைக்காரனும் ஆவான். அந்தப் பாத்திரத்தை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மற்றவர்கள் கோரஸாக மேடையிலேயே இருந்து கடலாகவும் கோட்டைச் சுவராகவும் ஊர்ச்சனமாகவும் மாறலாம். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகம் எழுதியவர். அவருடைய 'கூடி விளையாடு பாப்பா' போன்ற நாடகங்களையும் தேடிப் படியுங்கள்.

உங்கள் மாணவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒருவருக்குச் சிலம்பம் தெரியும், இன்னொருவருக்கு ஒயிலாட்டம், மற்றொருவர் வீட்டில் பறை இருக்கும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்த ந. முத்துசாமி, 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் இப்படிப்பட்ட உடற்கலைகளையே நடிகர் பயிற்சிக்கு அடிப்படையாக்கினார். தெரிந்த கலையிலிருந்து தொடங்கும் உடம்பு கூச்சத்தைச் சீக்கிரம் உதறும்.

எட்டு வார ஒத்திகை

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒன்றேகால் மணி நேரம் கிடைத்தால் அரை மணி நாடகத்துக்குப் போதும்.

முதல் இரண்டு வாரம்: விளையாட்டு, மூச்சு, உடல். நாடகப் பிரதியை வெளியே எடுக்காதீர்கள்.

மூன்றாம் வாரம்: வட்டமாக உட்கார்ந்து வாசிப்பு. வேடங்களை மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். சூழல் பற்றிய கேள்விகள். வார முடிவில் வேடம் அறிவிப்பு.

நான்கும் ஐந்தும்: ஒவ்வொரு காட்சியையும் முதலில் சொந்த வார்த்தையில் நடிக்க வேண்டும், பிறகு எழுதிய வசனத்தில். வசனத்தை ராகம் போட்டு மனப்பாடம் செய்யவிடாதீர்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ சாதாரணக் குரலில் சொல்லிப் பழகட்டும். ஐந்தாம் வார முடிவில் கையில் காகிதம் இருக்கக் கூடாது.

ஆறாம் வாரம்: மேடையில் யார் எங்கே என்பது. புடவை, கத்தி, கிரீடம் எல்லாம் இந்த வாரமே கைக்கு வர வேண்டும். விழா அன்று முதன்முதலாகப் புடவை கட்டும் பிள்ளை புடவையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஏழாம் வாரம்: நிறுத்தாமல் முழு நாடகம். குறுக்கே பேசாமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வாரம்: லைட், இசை, ஒப்பனை. கடைசியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு காட்சி நடத்துங்கள். அவர்கள் எங்கே நெளிகிறார்களோ அங்கே வெட்டுங்கள்.

ஒத்திகைக்குப் பிறகு குறை சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு குறிப்புப் போதும். அது அவர் செய்த செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். "உனக்கு நடிப்பே வரலை" என்பது குறிப்பு ஆகாது. "அவன் கடிதத்தைக் கிழிச்சபோது நீ பார்க்கவே இல்லை. அந்தக் கடிதத்துல என்ன இருந்துச்சு?" என்பது குறிப்பு. 'சூப்பர்' என்ற சொல்லையும் அளந்தே செலவிடுங்கள். எது நன்றாக இருந்தது என்று சொல்லாத பாராட்டிலிருந்து மாணவர் எதையும் கற்க முடியாது.

எல்லைகள்

அழ வைப்பதற்காக "உங்க பாட்டி செத்ததை நினைச்சுக்கோ" என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சொந்தத் துக்கத்தைக் கிளறிவிட்டால் அதைத் திருப்பி மூடும் பயிற்சி நமக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உடல் செயல்களிலிருந்து தொடங்கும் முறைக்குத்தான் அழுத்தம் கொடுத்தார். கடிதத்தை மடிக்கச் சொல்லுங்கள், பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள், செருப்பைத் தேடச் சொல்லுங்கள். கதையின் துக்கம் அந்த வேலையில் ஏறிக்கொள்ளும்.

அடி, தள்ளு, பிடி என்று வரும் இடங்களை நடன அசைவைப் போல எண்ணிக்கை வைத்து அமையுங்கள். உண்மையில் அடிக்கக் கூடாது. தொட வேண்டிய காட்சி என்றால் இருவரிடமும் முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு வழி யோசியுங்கள். உடை மாற்றத் தனி அறையும் துணைக்கு ஒரு ஆசிரியையும் இல்லாமல் ஒப்பனை நாளைத் தொடங்காதீர்கள். குடி, அடி, வரதட்சணை பற்றிய நாடகம் போடும்போது, அது யாருடைய வீட்டுக் கதையாகவாவது இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வேடம் கொடுங்கள்.

ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பவை

*கூச்சப்படும் பிள்ளையை என்ன செய்வது?*
தனியாக மேடையேற்றாதீர்கள். கோரஸில் தொடங்கட்டும். கையில் ஒரு வேலை கொடுங்கள்: பானை சுமப்பது, கதவைத் திறப்பது, விளக்கேற்றுவது. செய்ய வேலை இருக்கும் உடம்புக்குக் கூச்சம் குறையும்.

*வசனம் மறந்தால்?*
படுதாவுக்குப் பின்னால் பிராம்ப்ட் கொடுக்க ஆள் வைத்தால் பிள்ளைகளின் காது அங்கேயே இருக்கும். ஆறாம் வாரத்திலிருந்து, ஒத்திகையில் வேண்டுமென்றே ஒருவரை ஒரு வரியை விடச் சொல்லுங்கள். மற்றவர்கள் கதையை இழுத்துச் செல்லப் பழகட்டும். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு வேறு சொல் கிடைத்துவிடும்.

*"என் மகளுக்கு ஏன் மெயின் ரோல் இல்லை?" என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்.*
இரண்டாம் வாரத்தில் பெற்றோரை ஒரு ஒத்திகைக்கு அழையுங்கள். விளையாட்டுகளை அவர்களும் ஆடிப் பார்க்கட்டும். எப்படி வேடம் கொடுக்கிறீர்கள் என்பதை அங்கேயே விளக்கிவிட்டால் பாதிச் சண்டை வராது.

*கலைத் திருவிழா போன்ற போட்டிகளில் சத்தமும் ஆவேசமும்தானே பரிசு வாங்குகின்றன?*
சில நடுவர்கள் அப்படித்தான் மதிப்பெண் போடுவார்கள். ஆனால் அடுத்தடுத்துப் பத்து நாடகம் கத்தலாக ஓடிய மேடையில், தணிந்து தொடங்கும் நாடகம் தனியாகத் தெரியும். பரிசு கிடைக்காவிட்டாலும் ஏன் அப்படி நடித்தோம் என்று உங்கள் பிள்ளைகளால் சொல்ல முடியும்.

*இருப்பதே பத்து நாள். அப்போதும் செய்துகாட்டக் கூடாதா?*
நாடகத்தைச் சுருக்குங்கள். இருபது நிமிடத்தை எட்டு நிமிடமாக்குங்கள். ஒரே இடம், ஒரே பிரச்சினை, ஐந்து பாத்திரம். முதல் மூன்று நாள் விளையாட்டுக்கே கொடுங்கள். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் வெளியேறுவது, கத்தியை எப்படிப் பிடிப்பது போன்ற கைவேலைகளை நீங்கள் செய்துகாட்டலாம், அதில் தவறில்லை. வசனத்தை மட்டும் சொல்லிக் காட்டாதீர்கள்.

இந்த முறை பலித்ததா என்று அறிய விழாவின் கைதட்டலை நம்ப வேண்டாம். அது யாருக்கும் கிடைக்கும். ஏழாம் வாரத்தில் ஒரு நாள், பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒத்திகைக்கு அரை மணி தாமதமாகப் போங்கள். பிள்ளைகள் உங்களுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. தாங்களே தொடங்கி, "நீ ஏன் இப்போ வெளியே போறே? அவ இன்னும் பேசி முடிக்கலையே" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தால், பின்பெஞ்சில் போய் உட்காருங்கள். அந்தக் கேள்வியை இனி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.